ஐ டவுட்னு எழுதினேன், ரெண்டு நாள் போச்சு

பம்ப்ல சத்தம் எப்படி வருதுன்னு கஸ்டமர் அம்மா ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டேன். தகர டப்பால ஜல்லிக்கல்லை போட்டு உருட்டுற மாதிரி வருதுன்னு அந்தம்மா சொன்னாங்க. பம்ப் வேலையில இருக்கிறவங்களுக்கு இந்த ஒரு வரி போதும், பாதி வியாதி தெரிஞ்சிடும். உள்ள வர்ற தண்ணி பத்தலைன்னா பம்ப்புக்குள்ள சுத்துற சக்கரம் இருக்கே, இம்பெல்லர், அது வாய்ல அழுத்தம் குறைஞ்சு தண்ணி அங்கயே நீராவிக் குமிழா மாறும், அந்தக் குமிழ் கொஞ்சம் தள்ளிப் போயி அழுத்தம் ஏறுனதும் படார் படார்னு உடையும், அதுதான் அந்த ஜல்லி சத்தம். கேவிட்டேஷன்னு சொல்லுவோம். பத்துல ஏழு தடவை நான் பாத்த வரைக்கும் சக்சன் பக்கம், அதாவது தண்ணி உள்ள வர்ற பக்கம் இருக்கிற ஸ்ட்ரெய்னர், குப்பையைப் பிடிக்கிற சல்லடை, அடைச்சிருக்கும். கழட்டி, கழுவி, மாட்டினா முடிஞ்சது. ஒரு மணி நேர வேலை.

நான் கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில சர்வீஸ் பக்கம் இருக்கேன், வெளிநாட்டு கஸ்டமருங்க எல்லாம் என் டேபிள்தான். இந்த அம்மா இங்கிலாந்துல வடக்குப் பக்கம் ஒரு ஃபேக்டரில மெயின்டெனன்ஸ் மேனேஜர். போன்ல பேசி முடிச்சதும் "மெயில்ல எழுதி அனுப்பிடுங்க, என் ஆளுங்க கிட்ட குடுத்துடுறேன்"னாங்க. சரின்னு உக்காந்து எழுதினேன். குளிர்காலம், அவங்களுக்கும் நமக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம், இங்க சாயங்காலம் 6 ஆயிடுச்சு அங்க பன்னெண்டரை, எனக்கு வீட்டுக்குப் போற அவசரம் வேற. நான் எழுதினது ரெண்டே வரி. "வீ டவுட் த சக்சன் ஸ்ட்ரெய்னர் இஸ் சோக்டு. ப்ளீஸ் செக் பேரிங் டெம்பரேச்சர் அண்ட் ரிவர்ட்." அனுப்பிட்டு வண்டிய எடுத்துட்டு கிளம்பிட்டேன், மனசுல ஒரு திருப்தி, போன்லயே கண்டுபிடிச்சுட்டோம்ல.

மூணாவது நாள் அந்தம்மா கிட்ட இருந்து போன். பேரிங் ரெண்டையும் மாத்தியாச்சு, லைன் ரெண்டு நாளா நிக்குது, சத்தம் அப்படியே இருக்கு, நீங்க என்னதான் சொல்றீங்கன்னு. கோபமா கத்தல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு, ரொம்ப மெதுவா நிறுத்தி நிறுத்திப் பேசுனாங்க. நான் "மேடம், ஸ்ட்ரெய்னரை பாத்தீங்களா"ன்னு கேட்டேன். "ஸ்ட்ரெய்னர் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இல்லவே இல்ல மேடம், ஸ்ட்ரெய்னர்தான்னு சொன்னேன், மெயிலைப் பாருங்கன்னேன். அவங்க என் மெயிலை எடுத்து ஒவ்வொரு வார்த்தையா படிச்சுக் காமிச்சாங்க. வீ... டவுட்... த சக்சன் ஸ்ட்ரெய்னர்... இஸ் சோக்டு. படிச்சுட்டு, "இதுல எங்க ஸ்ட்ரெய்னர்தான்னு இருக்கு"ன்னு கேட்டாங்க.

நானும் பாத்தேன். எனக்கு அப்பவும் ஸ்ட்ரெய்னர்தான்னுதான் இருந்துச்சு! அதுதாங்க கொடுமை. ஒரே வரியை ரெண்டு பேரும் முன்னாடி வச்சுட்டு அவங்க "அடைச்சிருக்காது"ன்னு படிக்கறாங்க, நான் "அடைச்சிருக்கும்"னு படிக்கறேன். அப்புறம் கழட்டிப் பாத்தாங்க, உள்ள துணிக்கந்தல் ஒரு உருண்டை. அன்னிக்கு மத்தியானமே பம்ப் ஓடிடுச்சு. பேரிங் காசு யாரு குடுக்கறதுன்னு ஒரு மாசம் மெயில் போயி வந்துட்டு இருந்துச்சு, கடைசில எங்க பக்கம் கழிச்சுக் குடுத்தாங்க. எங்க ஜிஎம் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, "ஏந்தம்பி, டவுட்னா என்ன அர்த்தம், சொல்லு பாக்கலாம்"னு கேட்டாரு. சந்தேகம் சார்னேன். "அதாம்ப்பா பிரச்சனையே"ன்னாரு. அன்னிக்கு புரியல, ரெண்டு நாள் கழிச்சுதான் மண்டைல ஏறுச்சு.

இத்தனைக்கும் எனக்கு முன்னாடியே ஒரு எச்சரிக்கை வந்துச்சு, நான்தான் கவனிக்கல. அதுக்கு ஒரு வருசம் முன்னால ஒரு ஆன்லைன் ட்ரெயினிங், ஜெர்மன்காரர் ஒருத்தர் பைப் லைன்ல ப்ரெஷர் எவ்வளவு குறையும்னு கணக்கு போட்டு காமிச்சுட்டு இருந்தாரு. எனக்கு ஒரு இடம் புரியல. மைக்கை ஆன் பண்ணி "சார், ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் கால்குலேஷன்"னேன். மனுசன் முகமே மாறிடுச்சு. எந்த இடத்துல தப்புன்னு நினைக்கிறீங்கன்னு கேட்டாரு. தப்பெல்லாம் இல்ல சார், டவுட்டுதான்னு நான் திரும்பவும் அதையே சொல்ல, அன்னிக்கு ராத்திரி அந்தக் கணக்கு சரின்னு நிரூபிச்சு மூணு பக்கம் பிடிஎஃப் அனுப்பியிருந்தாரு. பாவம். எனக்குப் புரியாதது ஒரே ஒரு எழுத்து, அது என்ன குறியீடுன்னு கேக்க வந்தவன் நான். அவரு காதுல விழுந்தது "உங்க கணக்கு எனக்கு நம்பிக்கையா இல்ல". முப்பது பேர் இருக்கிற கால்ல ஒருத்தரைப் பாத்து அப்படிச் சொன்னா எப்படி இருக்கும்.

நம்ம மேல தப்பு சொல்லவும் முடியாது. ஸ்கூல்ல இருந்து நமக்கு டவுட்டுன்னா கேள்விதான். டியூசன் மாஸ்டர் பாடத்தை முடிச்சுட்டு "எனி டவுட்ஸ்?"னு கேப்பாரு, க்ளாஸே மூச்சு விடாம உக்காந்திருக்கும், ஒருத்தன் மட்டும் கைய தூக்குவான், அவனுக்கு அன்னைல இருந்து டவுட்டு மணின்னு பேரு. டவுட் கேக்கறது, டவுட் க்ளியர் பண்றது, டவுட் வர்றது, எல்லாமே கேள்வி, விளக்கம், புரியாத இடம். நான் உடுமலைப் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சவன், காலேஜ் வந்த அன்னிக்கு எனக்கு சரளமா வந்த இங்கிலீஷ் வரியே "சார், ஐ ஹேவ் எ டவுட்"தான். லெக்சரருக்குப் புரிஞ்சுது, பக்கத்துல இருந்த மலையாளிப் பையனுக்குப் புரிஞ்சுது, ஐதராபாத் ஆளுக்கும் புரிஞ்சுது. இந்தியா பூரா ஓடுற காசு அது. பார்டர் தாண்டினாத்தான் செல்லாது.

ஏன் இப்படின்னு பாத்தா, நம்ம "சந்தேகம்"ங்கிற ஒரே பைக்குள்ள நாலு சாமான் கிடக்குது. பாடத்துல சந்தேகம்னா கேள்வி. புருசன் சந்தேகப்படுறான்னா அது வேற. போலீஸ் சந்தேக நபரைப் பிடிச்சாங்கன்னா அது இன்னொண்ணு. கோர்ட்டுல சந்தேகத்தின் பலனைக் குடுத்து விடுதலை பண்ணாங்கன்னா அது நாலாவது. இங்கிலீஷ்காரன் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டப்பா வச்சிருக்கான், கேள்விக்கு கொஸ்டின், சந்தேக நபருக்கு சஸ்பெக்ட், நம்பிக்கை இல்லாததுக்கு மட்டும்தான் டவுட். நாம பை மேல டவுட்னு ஒரே லேபிளை ஒட்டி நாலையும் அனுப்பிட்டு இருக்கோம்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன், இதுதான் எனக்கு உண்மையிலேயே உபயோகமா இருந்தது. வார்த்தை ஒண்ணா இருந்தாலும் தமிழ் நம்மளை ஏமாத்தல. சந்தேகத்துக்கு முன்னாடி வர்ற வால்ல வித்தியாசத்தை வச்சிருக்கு. இதே ஸ்ட்ரெய்னரை வச்சே பாருங்க.

"ஸ்ட்ரெய்னர்ல ஒரு சந்தேகம்"னு சொன்னா, அதாவது "ல" வந்தா, எனக்கு ஏதோ கேக்கணும். அது கொஸ்டின். "ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் த ஸ்ட்ரெய்னர்"னு எழுதணும். "ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்கும்னு சந்தேகம்"னா, "னு" வந்திருக்கு பாருங்க, அடைச்சிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன், என் கை அந்தப் பக்கம் சாயுது. இது சஸ்பெக்ட். "ஐ சஸ்பெக்ட் த ஸ்ட்ரெய்னர் இஸ் சோக்டு". சஸ்பெக்ட்னா போலீஸ் வார்த்தைன்னு பயப்பட வேண்டாம், பம்ப் மேலயும் பைப் மேலயும் தாராளமா சஸ்பெக்ட் பண்ணலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. "அடைச்சிருக்கான்னு சந்தேகம்"னா, அந்த "ஆ" கேள்வி வந்துடுச்சு, அப்படியும் இருக்கலாம் இப்படியும் இருக்கலாம், எனக்குத் தெரியல. "ஐ ஆம் நாட் ஷ்யூர் இஃப் இட் இஸ் சோக்டு". கடைசியா "அடைச்சிருக்கறது சந்தேகம்தான்"னு சொன்னா, அடைச்சிருக்க வாய்ப்பு கம்மின்னு அர்த்தம். இது ஒண்ணுதான் இங்கிலீஷ் டவுட். இது ஒண்ணே ஒண்ணுதான்.

கல்யாணத்துக்கு உங்க அண்ணன் வருவாரான்னு யாராவது கேட்டு, நாம "சந்தேகம்தான்"னு இழுத்தா, சாப்பாட்டுக் கணக்குல ஒரு இலை குறைச்சுடுவாங்க இல்லையா? அந்த இழுப்புதான் டவுட். நான் எழுத நினைச்சது "னு சந்தேகம்", எழுதுனது "றது சந்தேகம்தான்". ஒரு பக்கம் சாய வேண்டிய தராசு முழுசா எதிர்ப்பக்கம் சாஞ்சுடுச்சு. கொஸ்டினுக்கு பதிலா டவுட்னு சொன்னா மிஞ்சிப் போனா ஒருத்தர் மனசு நோகும், சஸ்பெக்டுக்கு பதிலா டவுட்னு சொன்னா அர்த்தமே தலைகீழாயிடும். எல்லாரும் முதல் தப்பைப் பத்தித்தான் பேசுறாங்க, ரெண்டாவதுதான் ஆளைக் கவுக்கும்.

இதுல இன்னொரு கூத்து. எங்க பொண்ணு பத்தாவது படிக்கறப்ப தமிழ்ப் பாடத்துல வினா வகைகள் வந்துச்சு, என்னைக் கேள்வி கேக்கச் சொன்னா. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. நன்னூல்ல பவணந்தி முனிவர் ஆறா பிரிச்சு வச்சிருக்காரு, 13ஆம் நூற்றாண்டு ஆளு. பதில் தெரிஞ்சே வாத்தியார் பையனைக் கேட்டா அறிவினா. தெரியாம பையன் வாத்தியாரைக் கேட்டா அறியா வினா. அங்க கிடக்கிறது பாம்பா கயிறான்னு தடுமாறினா ஐய வினா. மளிகைக் கடைல துவரம்பருப்பு இருக்குங்களான்னா கொளல், வாங்கறதுக்குக் கேக்கறது. மழைக்காலத்துல உன்கிட்ட குடை இருக்கான்னு கேட்டு குடுக்கறதுக்குன்னா கொடை. அம்மா பையனைப் பாத்து "படிச்சியா"ன்னா அது கேள்வியே இல்ல, போய்ப் படிடான்னு ஏவல்.

எனக்கு பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. டியூசன்ல நாம கேட்ட டவுட்டெல்லாம் அறியா வினா. தெரியல, சொல்லுங்க, அவ்வளவுதான். ஐயம்ங்கிற வார்த்தையை அவரு பாம்பா கயிறாவுக்கு மட்டும்தான் ஒதுக்கி வச்சிருக்காரு. எழுநூறு எண்ணூறு வருசம் முன்னாடியே கேள்வி வேற ஐயம் வேறன்னு நம்மாளு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு, நான் ரெண்டு பேரிங் காசைக் கட்டி கத்துக்கிட்டு இருக்கேன். பொண்ணு பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போயிட்டா, நான் புத்தகத்தைக் கைல வச்சுட்டு சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

டவுட்ங்கிற வார்த்தையோட பூர்வீகமும் ரெண்டு மனசுதான். லத்தீன்ல டுபிடாரேன்னு ஒரு வினை, தயங்குறது, ரெண்டு பக்கமும் ஆடுறதுன்னு அர்த்தம், ரெண்டுங்கிற டுவோவோட சொந்தக்கார வார்த்தை. நாம "ரெண்டு மனசா இருக்கு"ன்னு சொல்றோமே, அதே சங்கதி. அது ஃப்ரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வர்றப்ப நடுவுல இருந்த பி சத்தம் கழண்டு விழுந்துடுச்சு, பழைய இங்கிலீஷ்காரங்க பி இல்லாமத்தான் எழுதிட்டு இருந்தாங்க. பின்னாடி படிச்ச பெரிய மனுசங்க லத்தீன் ஞாபகத்துல அந்த பியைக் கொண்டாந்து எழுத்துல மட்டும் சொருகிட்டாங்க, வாய் அதை ஏத்துக்கல. டெட்னு கடனுக்கு ஒரு வார்த்தை இருக்கே, அதுலயும் இதே பி, இதே கதை. அதனால டவுப்ட்னு சொல்லி யாரும் கஷ்டப்பட வேண்டாம், நம்ம ஊரு டவுட்டே சரியான உச்சரிப்புதான், கடைசில அந்த உகரத்தை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கணும்.

கடன்னதும் ஞாபகம் வருது. கணக்குப் பதிவியல் படிச்சவங்களுக்கு வாரா ஐயக்கடன் ஒதுக்கு தெரிஞ்சிருக்கும், டவுட்ஃபுல் டெட்ஸ். வாங்கினவன் திருப்பித் தர்றது சந்தேகம்தான், அதனால லாபத்துல இருந்து முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கி வைக்கறது. பாருங்க, அங்கயும் டவுட் "வராது" பக்கம்தான் சாயுது. எங்க அக்கவுண்ட்ஸ் அக்கா கிட்ட இதைச் சொன்னேன், "இது தெரியாமயா இத்தனை நாள் பில் அனுப்பிட்டு இருந்தே"ன்னாங்க.

ஞாபகம் வச்சுக்க இன்னொரு வழி சென்னைக்காரங்களுக்கு சுலபம். பரங்கிமலை. ஏசு உயிர்த்தெழுந்தாருன்னு மத்த சீடருங்க சொன்னப்ப, காயத்துல விரலை வச்சுப் பாத்தாத்தான் நம்புவேன்னு தோமா சொன்னதா யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்துல வருது. அதுல இருந்துதான் இங்கிலீஷ்ல எதையும் நம்பாதவனுக்கு டவுட்டிங் தாமஸ்னு பேரு வந்துச்சு. அந்த தோமா நம்ம ஊருக்கு வந்து பரங்கிமலைல கொல்லப்பட்டாருங்கிறது மரபு, ஸ்டேஷன் பேரே இங்கிலீஷ்ல செயின்ட் தாமஸ் மவுண்ட். அவரு கைய தூக்கி "சார் ஒரு டவுட்டு"ன்னு விளக்கம் கேக்கலங்க. நம்பமாட்டேன்னாரு. ஜூனியர் பசங்களுக்கு இதைத்தான் சொல்றது, நீ டவுட்னு டைப் பண்ணப்போறப்ப பரங்கிமலையை நினைச்சுக்கோ, எதிராளி சொல்றது பொய்னு சொல்ல வர்றியா இல்ல புரியலைன்னு சொல்ல வர்றியா.

நோ டவுட் இன்னொரு வில்லங்கம். நாம "நோ டவுட்!"னு சொன்னா சத்தியம் பண்ற மாதிரி, நூத்துக்கு நூறு. அவங்க கிட்ட அது பல நேரம் "அநேகமா", "இருக்கும்னு நினைக்கிறேன்" அளவுதான். பார்ட்ஸ் வெள்ளிக்கிழமை கண்டிப்பா வந்துடும்னு சொல்றதுக்கு "வில் நோ டவுட் ரீச் யூ பை ஃப்ரைடே"ன்னு எழுதியிருந்தேன், அவங்க அதை "வந்துடும்னு நினைக்கிறேன்"னு எடுத்துக்கிட்டு வேற இடத்துலயும் விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. உறுதின்னா வித்தவுட் எ டவுட்னு சொல்லலாம், இன்னும் நல்லது டெஃபனிட்லி, அதைவிட நல்லது கூரியர் நம்பரைக் குடுத்துடறது. "நோ டவுட் யூ ஹேவ் ஆல்ரெடி செக்டு த வோல்டேஜ்"னு ஒருத்தர் எனக்கு எழுதுனப்ப, ஆகா நம்மளை எவ்வளவு நம்புறாருன்னு சந்தோசப்பட்டேன். அது "பாத்திருப்பீங்கதானே, பாக்காம பேசலையே"ங்கிற குத்தல். அடுத்த மெயில்லதான் உறைச்சுது.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு எங்க டீம்ல ஒரு வேலை பண்ணேன். அனுப்புன பழைய மெயிலையெல்லாம் எடுத்து டவுட்னு தேடுனேன். வந்து விழுந்துச்சு பாருங்க மழை மாதிரி. ஒவ்வொண்ணா எடுத்து, எழுதுன ஆளையே கூப்பிட்டு "இதைத் தமிழ்ல சொல்லு"ன்னேன். அவங்க தமிழ்ல சொல்றப்ப அந்த வால் தானா வந்துடும், ல, னு, ஆன்னு, றது. அதுக்கேத்த மாதிரி ஒரு எக்செல் ஷீட்ல போட்டோம், இந்த வால் வந்தா இந்த வார்த்தை. கேள்விக்கு கொஸ்டின், இல்லைன்னா இன்னும் மெதுவா "குட் யூ க்ளாரிஃபை". நினைக்கிறேன்னா சஸ்பெக்ட் இல்லைன்னா திங்க். தெரியலைன்னா நாட் ஷ்யூர். நாலாவது வகை, நிஜமான டவுட், தேடுனதுல விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருந்துச்சு. அதையும் நான் எடுத்துடச் சொல்லிட்டேன், "ஐ டோன்ட் திங்க் இட் இஸ் த ஸ்ட்ரெய்னர்"னு எழுதிடு, வம்பே வேண்டாம்னு.

அதோட பழுது பத்தின மெயில்னா காரணத்தை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது, செய்ய வேண்டியதை தனி வரில எழுதணும்னு வச்சுக்கிட்டோம். முதல்ல ஸ்ட்ரெய்னரைக் கழட்டிப் பாருங்க. சுத்தமா இருந்தா சக்சன் கேஜ் ரீடிங் அனுப்புங்க. அன்னிக்கு நான் இந்த ஒரு வரியை எழுதியிருந்தா டவுட்டோ கிவுட்டோ எதை எழுதியிருந்தாலும் தப்பிச்சிருப்பேன். சொல்லப்போனா என் இங்கிலீஷை விட என் சோம்பேறித்தனம்தான் அந்த ரெண்டு நாளுக்குக் காரணம், வார்த்தை மேல பழியைப் போட்டுட்டேன்.

ஒரு விசயம் சொல்லணும். சில பேரு இதைப் படிச்சுட்டு உடனே பக்கத்து சீட்டுக்காரன் "ஐ ஹேவ் எ டவுட்"னா திருத்தக் கிளம்பிடுவாங்க. வேண்டாங்க. புனே ஆபீஸ்காரன் கிட்ட நான் இன்னிக்கும் டவுட்டுதான் கேக்கறேன், அவனும் டவுட்டுதான் கேக்கறான், ரெண்டு பேருக்கும் புரியுது. பொண்ணு கிட்ட போயி டவுட்னு சொல்லாதே கொஸ்டின்னு சொல்லுன்னா அவ ஸ்கூல்ல அவளைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. இதை நம்ம ஊரு தப்புன்னு மட்டும் சொல்றதுலயும் எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு தடவை பிரேசில்ல இருந்து டீலர் ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுத்துட்டு இருந்தேன், நடுவுல ஒருத்தர் கைய தூக்கி "ஐ ஹேவ் எ டவுட்"னாரு. எனக்கு அப்படியே சொந்தக்காரனைப் பாத்த மாதிரி ஆயிடுச்சு! ட்ரெயினிங்கை நிறுத்திட்டு எப்படிங்க இப்படி சொல்றீங்கன்னு கேட்டேன். போர்ச்சுகீஸ்ல கேள்வி கேக்கணும்னா தென்யூ உமா தூவிதான்னுதான் சொல்லுவோம்னாரு, எனக்கு ஒரு டவுட் இருக்குன்னுதான் நேர் அர்த்தம், ஸ்பானிஷ்லயும் துதான்னு இதே மாதிரிதான்னாரு. அந்த லத்தீன் பாட்டியோட சொந்தப் பேரனுங்களே கேள்வியை டவுட்டுன்னுதான் சொல்றாங்க. அப்புறம் நமக்கென்ன வந்துச்சு.

கடைசியா ஒரு கதை, இதைச் சொல்லாம விட்டா எங்க டீம் பசங்க என்னை விடமாட்டாங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசி மாசம் ஸ்காட்லாந்துல அபர்டீன் பக்கம் ஒரு பம்ப் செட் ஓட்டிக் குடுக்கப் போயிருந்தேன். சைட்ல ஒரு பெரியவர், அறுபது வயசு தாண்டுனவர், ஃபோர்மேன். நல்ல மனுசன், காலைல டீ போட்டுக் குடுத்தாரு. அவரு பேசுறதுல பாதிதான் எனக்குப் புரியும், மீதிக்கு சிரிச்சு வச்சுக்குவேன். பம்ப் ரூம் கேட்ல இருந்து நல்ல தூரம் நடக்கணும், கிளம்பறப்ப வானத்தைப் பாத்துட்டு "ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்"னாரு.

நான் இப்ப டவுட்ல கரை கண்டவன் இல்லையா, ஜூனியர் பசங்களுக்கே பாடம் எடுக்கற ஆளு. வருவது சந்தேகம்தான்னு சொல்றாரு, மழை வராதுன்னு மனசுக்குள்ள மொழிபெயர்த்துட்டு ரெயின்கோட்டை வேன்லயே கழட்டிப் போட்டுட்டு நடந்தேன். அவரு மட்டும் கோட்டை கழுத்து வரைக்கும் ஜிப் போட்டுட்டு வந்தாரு, அதையாவது பாத்திருக்கணும். பாதி வழில பிடிச்சுது, பக்கவாட்டுல அடிக்கற மழை, குளிர் எலும்புல இறங்குது. லேப்டாப் பையைக் கட்டிப்பிடிச்சுட்டு ஓடுறேன். உள்ள போயி நின்னப்ப சட்டை பிழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும். என்னைப் பாத்துட்டு அவரு, "நான்தான் சொன்னேனே"ன்னாரு. இல்லையே, வராதுன்னுதானே சொன்னீங்கன்னேன். அவரு இன்னும் குழம்பிட்டாரு. அப்புறம் அங்க இருந்த சின்னப் பையன் ஒருத்தன் சிரிச்சுட்டே விளக்கினான். ஸ்காட்லாந்துல பெரியவங்க டவுட்னு சொன்னா வரப்போகுது, பயமா இருக்குன்னு அர்த்தமாம். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷ்லயும் அந்த அர்த்தம் ஓடிட்டு இருந்ததாம், அங்க இன்னும் மிச்சம் இருக்கு. அதாவது அச்சு அசலா நான் அந்த மெயில்ல எழுதுன டவுட்!

ரூமுக்குப் போயி துணியை ஹீட்டர் மேல காயப் போட்டுட்டு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். கடைசில ஒரு வரி சேத்தேன். "அபர்டீன் கஸ்டமர்: பழைய மெயிலே போதும். கோட்டை மறக்காதே."